தடிச்ச சூட் முழங்காலைக் காப்பாத்தாது



லீவுக்குத் திருமலை போய் டைவிங் செய்கிற ஊர்ப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். சந்தோஷம். ஆனால் முழங்கால் ஒப்பரேஷன் செய்த நானாமாருக்கு, "5 மில்லிமீற்றர் வெட்சூட் போடுங்க, காலை இறுக்கிப் பிடிக்கும்" என்று வட்ஸ்அப் குரூப்பில் ஆலோசனை சொல்வதை நிறுத்துங்கள்.

வெட்சூட் குளிருக்குப் போடுவது. முழங்கால் பட்டி அல்ல. நிலாவெளிக் கடல் 28 பாகையளவில் இருக்கும். அக்குறணையில் சுபஹுக்கு வுழூ செய்யும் தண்ணீரை விடச் சூடு. 3 மில்லிமீற்றர் தாராளம்.

தடிப்புக் கூடினால் மிதப்பும் கூடும். வகுப்பில் படித்த மேலுதைப்புத்தான், மறந்துவிட்டதா? தாழ்வதற்கு ஈயம் கூட்ட வேண்டும். சிலிண்டரே 14, 15 கிலோ. ஈயத்தையும் கட்டிக்கொண்டு ஆடுகிற வள்ளத்தில் எழும்பினால் பாரம் எங்கே இறங்கும்? 10 மீற்றரில் அமுக்கம் இரட்டிப்பாகி சூட் நசுங்கும். கூட்டிய ஈயம் கீழே இழுக்கும். நனைந்த தடிச்ச சூட்டைக் கழற்றுவதும் மூட்டை முறுக்குகிற வேலை.

"மெல்லிசு போட்டா உடம்பு தெரியும்" என்று மார்க்கத்தை இழுப்பவர்களே, தடிச்சதும் ஒட்டித்தான் நிற்கும். மேலே தொளதொளவென்று ஷோர்ட்ஸும் டீஷேர்ட்டும் போடுங்கள்.

கணுக்காலில் ஸிப் உள்ள 3 மில்லிமீற்றர் சூட் கேளுங்கள். ஈயத்தையும் சிலிண்டரையும் தண்ணீரிலேயே கழற்றி வள்ளத்துக்குக் கொடுத்துவிட்டு ஏறுங்கள்.

தடிப்பு எவ்வளவு என்று என்னிடம் கேட்டவர்களில் ஒருவர்கூட, "ஒப்பரேஷன் செய்த டொக்டர் கடலில் இறங்கலாம் என்றாரா?" என்பதற்கு இன்னும் பதில் தரவில்லை.