நாயைப் பற்றிப் பேசினாள் என்று சிரித்தவர்களுக்கு

இன்றைக்குப் பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் செய்தது போல நடுவில் தண்ணீர் குடிக்க எழுந்து போகாதீர்கள்.

போன வாரம் நம் உறவுக்காரப் பிள்ளை ஒருவன் எழுதியிருந்தான்: "நம்ம தாத்தா பாட்டி, அப்பா அம்மா யாரும் காதலிச்சதே இல்ல. குடும்பம் நடத்தினாங்க, அவ்வளவுதான். ஒருத்தராவது 'ஐ லவ் யூ' சொல்லிக் கேட்டிருக்கீங்களா?" கீழே வரிசையாக இதயப் பொம்மைகள். "நூறு சதவீதம் உண்மை" என்று போட்டவர்களில் என்னிடம் படித்தவர்களும் உண்டு. தமிழில் பட்டம் வாங்கிய ஒருத்தியும் உண்டு. அதுதான் என்னைச் சுட்டது.

அதைப் படித்த மறுநாள் வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் பேருந்தில் வந்தேன். முன் இருக்கையில் ஒரு மலைக்காரப் பெண், கேரளத் தோட்ட வேலைக்குப் போன வீட்டுக்காரரோடு போனில் பேசிக்கொண்டு வந்தாள். சாமை அறுத்தாயிற்று, ஆட்டுக்கு உடம்பு சரியில்லை, பிள்ளைக்கு நோட்டு வாங்கியாயிற்று. எல்லாம் முடிந்து கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: "நாயி ராத்திரியானா வாசல்லயே படுத்துக் கெடக்குது. கூப்பிட்டாலும் உள்ள வரமாட்டேங்குது."

அவ்வளவுதான். வைத்துவிட்டாள். பின் இருக்கையில் இருந்த கல்லூரிப் பையன்கள் சிரித்தார்கள். "நாய்க் கதை சொல்றதுக்கு ரீசார்ஜ் பண்றாங்க பாரு."

தம்பிகளா, அவள் சொன்னது நாயைப் பற்றியா? ராத்திரியானால் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது யார் என்று அந்த முனையில் இருந்தவனுக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியவில்லை.

குறுந்தொகையில் கபிலர் பாட்டு ஒன்று, இருபத்தைந்தாவது. மலைநாட்டுப் பெண் ஒருத்தி தோழியிடம் பேசுகிறாள். அவன் என்னோடு கூடிய நாளில் அங்கே சாட்சி யாரும் இல்லை, அவன் இல்லை என்று பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று கலங்குகிறாள். பிறகு, ஒரு குருகு மட்டும் இருந்தது என்கிறாள். அதன் கால் தினைத்தாள் போல மெலிந்து பச்சையாக இருந்ததாம். அதுவும் ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்ததாம். அந்த நேரத்தில் ஒரு பறவையின் கால் நிறம் ஒருத்திக்கு நினைவில் நிற்கிறது என்றால், அந்த நாளில் அவளுக்கு எதுதான் மறந்திருக்கும்? எவ்வளவு ஆசை, எவ்வளவு பயம் என்று ஒரு வார்த்தை கிடையாது. குருகின் கால்தான் இருக்கிறது. பேருந்தில் வந்தவள் குறுந்தொகை படித்தவள் அல்ல. அவளுக்கு அது தேவையும் இல்லை.

நேராகச் சொன்ன பாட்டே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதே குறுந்தொகையின் மூன்றாம் பாட்டில் ஒருத்தி தன் நட்பு நிலத்தைவிடப் பெரியது என்று நேராகவே சொல்கிறாள். அதுவும் அழகுதான். ஆனால் அதை மட்டுமே காதல் என்று எண்ணுகிற காதுக்குப் பாதித் தமிழ் கேட்காது.

இந்தக் கபிலர் நமக்கு வேற்றூர்க்காரர் அல்ல. நம் மாவட்டத்துத் திருக்கோவிலூரில் தென்பெண்ணை ஆற்றுக்கு நடுவே நிற்கிற கபிலர் குன்றில்தான் அவர் உயிர்விட்டார் என்பார்கள். பாலத்தில் போகும்போது படம் எடுத்துப் போடுகிறீர்களே, அதே குன்றுதான். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் என்றால் என்ன என்று உணர்த்தத்தான் அவர் குறிஞ்சிப்பாட்டைப் பாடினார் என்பது அந்தப் பாட்டோடு வழிவழியாக வருகிற குறிப்பு. அந்நியனுக்குத் தமிழைக் காட்ட அவர் போரையும் எடுக்கவில்லை, கொடையையும் எடுக்கவில்லை. ஒரு பெண்ணின் காதலை அவள் தோழி செவிலித்தாயிடம் பக்குவமாக எடுத்துச் சொல்வதை எடுத்தார். மொத்தம் 261 அடி.

நடந்த கதையைத் தோழி எப்படித் தொடங்குகிறாள்? "இவளுக்கு ஒருவன்மேல் ஆசை" என்றா? இல்லை. தினைப்புனம் காக்க எங்களை அனுப்பியது நீதானே அம்மா என்று தொடங்குகிறாள். கிளி ஓட்டியது, அருவியில் ஆடியது, பூப் பறித்துப் பாறையில் குவித்தது, நாய்கள் சூழ்ந்துகொண்டது, மதயானை வந்தது, அவன் அம்பு விட்டது, வெள்ளத்தில் கால் தடுமாறியபோது அவன் பிடித்தது, அவன் ஆணையிட்டு அருவி நீரைக் குடித்தது. கடைசியில், அவன் இரவில் வருகிற வழியில் புலியும் பாம்பும் முதலையும் உண்டே என்று நினைத்து இவள் அழுகிறாள் என்கிறாள். பெண் ஏன் மெலிந்து போனாள் என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

இந்தப் பாட்டை நான் என்ன செய்தேன் தெரியுமா? "99 பூக்கள்" என்று கரும்பலகையில் எழுதினேன். உள்ளுறை, இறைச்சி இரண்டுக்கும் விளக்கம் எழுதிப்போட்டேன். இரண்டு மதிப்பெண். நீங்களும் வாங்கினீர்கள். அந்தப் பெண் ஏன் அழுதாள் என்று ஒரு நாள் நிறுத்தி உங்களைக் கேட்டிருந்தால், பேருந்தில் அந்தப் பையன்கள் சிரித்ததற்கு நான் கோபப்பட உரிமை இருந்திருக்கும். அவர்களும் என்னைப் போன்ற ஒருவரிடம்தானே படித்திருப்பார்கள்.

இந்த இடத்தில் என் வயதுக்காரர்கள் கைதட்டத் தொடங்குவீர்கள். வேண்டாம். "நாங்களும் சொல்லாமலேதான் பாசமா இருந்தோம்" என்று யாரும் பின்னூட்டம் போடாதீர்கள். சொல்லாமல் சொல்வது வேறு, நாற்பது வருஷம் வாயைத் திறக்காமல் சோறு மட்டும் கேட்டது வேறு. அந்தப் பெண் நாயைப் பற்றியாவது சொன்னாள். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "குழம்புல உப்பு கம்மி." அதற்குள் ஓர் உள்ளுறையும் இல்லை, எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. வீட்டிலிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்கள் சொல்வார்கள்.

கபிலர் பாட்டில் இன்னொருத்தி இருக்கிறாள், நாம் அவளை மறந்துவிடுகிறோம். செவிலி. 261 அடி முழுக்க அவள் பேசவே இல்லை. கேட்கிறாள். கேட்க ஆள் இருந்ததால்தான் தோழியால் சொல்ல முடிந்தது. மேடையில் சங்கக் காதல், உடன்போக்கு என்று உருகிவிட்டு, வீட்டில் பெண் வாய் திறந்தால் "என்ன சாதி?" என்று கேட்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி சில நாள் முன்பு பேசினாள். பெயர் சொல்ல மாட்டேன், பயிரையும் மாற்றிவிட்டேன். அப்பாவிடம் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும், எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. ஒரு நாள் இரவு சாப்பாட்டின்போது, "அவங்க ஊர்லயும் மக்காச்சோளம்தாம்பா போடறாங்க" என்று சொல்லியிருக்கிறாள். யார் ஊர் என்று அப்பா கேட்கவில்லை. டிவி சத்தத்தைக் கூட்டினாராம். "அவருக்குப் புரிஞ்சிதுங்க ஐயா, அதனாலதான் கூட்டினார்" என்று அழுதாள்.

அந்த அப்பாவும் என் மாணவன்தான். இந்தப் பதிவை இதுவரை படித்திருப்பான். தம்பி, அவள் இன்னும் ஒரு தடவை சொல்லப் போகிறாள். மழையைப் பற்றி இருக்கலாம், மாட்டைப் பற்றி இருக்கலாம். அன்றைக்கு டிவியை நிறுத்திவிட்டு, "எந்த ஊரும்மா?" என்று கேள்.