போதைக்கு முன்பே வந்துவிடும் எண்ணம்

சில மாதங்களுக்கு முன் எங்கள் ஊரில் போதை ஒழிப்புக் கருத்தரங்கொன்று நடந்தது. கறுத்துப்போன நுரையீரலின் படத்தைத் திரையில் காட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் என் 13 வயதுத் தம்பி, "எல்லாருக்குமா அப்பிடி வருது, ராத்தா? எனக்கு ஒண்டும் நடக்காது" என்றான். அவன் கையில் சிகரெட் இல்லை. ஆனால் அதற்கு இடம்கொடுக்கும் எண்ணம் முன்பே வந்திருந்தது. எனக்குக் கோபம் வந்தது, ஏசிவிட்டேன்.

கனடாவின் மொன்றியல் பல்கலைக்கழக ஆய்வாளர் பட்ரிசியா கொன்ரொட், இளம் வயதினரைப் போதையின் பக்கம் தள்ளக்கூடிய நான்கு குணப்பாங்குகளைக் குறிப்பிடுகிறார். நம்பிக்கையிழப்பு, பதற்றத்தைக் கண்டே அஞ்சுதல், யோசியாமல் செயற்படுதல், பரபரப்பைத் தேடுதல் என்பனவே அவை. அவரது திட்டத்தில் எல்லா மாணவருக்கும் ஒரே பேச்சு இல்லை. தத்தம் குணத்துக்கேற்பச் சிறு குழுக்களாகப் பிரிந்து, தம் எண்ணங்களைக் கையாளப் பழகுகிறார்கள்.

நாமோ எல்லோருக்கும் ஒரே அச்சத்தை ஊட்டுகிறோம். பரபரப்பைத் தேடும் பிள்ளைக்கு ஆபத்து என்ற சொல்லே ஆசையைத் தூண்டலாம். மனமுடைந்த பிள்ளைக்கோ மரணபயம் பெரிதாகத் தெரியாது. இது ஆண்பிள்ளைகளின் பிரச்சினை மட்டுமல்ல. பரீட்சை நெருங்கினால் எனக்கு நெஞ்சு படபடக்கும். 'இதை நிறுத்த ஒரு மாத்திரை இருந்தால்!' என்று நானும் நினைத்ததுண்டு.

மார்க்கம் போதையை ஹராமாக்கியுள்ளது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், 21 வயதுக்குக் குறைந்தோருக்குப் புகையிலையும் மதுசாரமும் விற்பதைத் தடைசெய்கிறது. இரண்டும் அவசியமான வேலிகள். ஆனால் 'இந்த ஒருமுறை மட்டும்' என்ற எண்ணம் வேலிக்கு உள்ளேதான் முளைக்கிறது.

சுபாவம் குற்றமல்ல, மாற்றமுடியாத விதியுமல்ல. துணிச்சலான பிள்ளைக்கு விளையாட்டு மைதானம் வேண்டும். பயந்த பிள்ளைக்குப் பொறுமையாகக் கேட்கும் ஒருவர் வேண்டும். "நீ உருப்படமாட்டாய்" என்று தினமும் கேட்கும் பிள்ளை, ஒருநாள் அதை நம்பிவிடும்.

அன்று நான் ஏசியது பிழை. நேற்று தம்பியிடம், "ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்று கேட்டேன். நோயைவிட, கூட்டாளிமார் தன்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிவிடுவார்களோ என்பதுதான் பயம் என்றான். அந்தப் பயத்தைப் பற்றிக் கருத்தரங்கில் யாரும் பேசவில்லை. பெற்றோரே, அதட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.