அன்று மெக்காலே எங்கே இருந்தார்?

பிளஸ் டூ முடிவு வந்ததும் நம் வீடுகளில் நடக்கும் பேச்சு எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிள்ளை 'பி.ஏ. வரலாறு' என்று வாயெடுத்தால் போதும், "அதைப் படிச்சுட்டு என்ன பண்ணப் போறே?" என்று கேள்வி வரும். அக்கறையுள்ள சித்தப்பாவோ மாமாவோ "பரவாயில்லை, குரூப் தேர்வுக்கு உதவும்" என்று சமாதானம் சொல்வார். அவர் சொல்வது உண்மை. ஆனால், மூன்று ஆண்டுப் படிப்பு ஒரு பிள்ளைக்குக் கொடுக்கக்கூடியதில் அது சிறு பங்குதான். பெரும் பங்கு எது என்பதைச் சொல்ல ஓர் உதாரணம் போதும்.

இந்தியாவில் ஆங்கிலக் கல்விக்காக வாதாடிய பிரிட்டிஷ்காரர் மெக்காலேயின் பெயரில் ஒரு செய்தி பல ஆண்டுகளாகச் சுற்றி வருகிறது. மேடையில் கேட்டிருப்பீர்கள், வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பீர்கள். இந்தியா முழுக்கச் சுற்றினேன், ஒரு பிச்சைக்காரனைக்கூடப் பார்க்கவில்லை, இவர்களுடைய பழைய கல்வியை ஒழித்தால்தான் இவர்களை அடக்க முடியும் என்று 1835 பிப்ரவரி 2 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அவர் பேசினாராம்.

வரலாறு படிக்கும் மாணவிக்கு முதலில் எழ வேண்டிய கேள்வி மிக எளியது. அன்று மெக்காலே எங்கே இருந்தார்? 1834 ஜூனில் அவர் சென்னையில் வந்து இறங்கினார். கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைப் பார்க்க உதகைக்குப் போனார், பிறகு கல்கத்தா சேர்ந்தார். 1838 வரை இங்கிலாந்து திரும்பவில்லை. சூயஸ் கால்வாய் இல்லாத காலம். கப்பல் லண்டன் போய்ச் சேர மாதக்கணக்காகும். லண்டனில் அவர் அன்று பேசியிருக்க வழியே இல்லை.

அதே தேதியிட்டு அவர் எழுதிய கல்விக் குறிப்பு ஒன்று உண்மையாகவே இருக்கிறது. நல்லதோர் ஐரோப்பிய நூலகத்தின் ஒற்றை அலமாரித் தட்டுக்கு இந்திய, அரபு இலக்கியம் முழுவதும் ஈடாகாது என்று அதில் இளக்காரம் பேசுகிறார். மெக்காலேயைக் கண்டிக்க அந்த அசலே போதும். போலிச் செய்தி செய்யும் கேடு வேறு. பிச்சைக்காரரே இல்லாத நாடு என்று அது சொல்கிறது. அவர் சென்னையில் கால் வைப்பதற்குச் சற்று முன்புதான், 1832-33-இல், இதே சென்னை மாகாணத்தின் குண்டூர்ப் பகுதியில் பஞ்சம் ஊர் ஊராகச் சாகடித்தது. நம்மைப் பெருமைப்படுத்துவதாக நினைத்து நாம் பகிரும் நான்கு வரி, அப்படிப் பட்டினியால் செத்தவர்களை இல்லாமலாக்கி விடுகிறது. இது நமக்கு வலிக்க வேண்டும்.

நமக்குப் பிடித்த செய்தியையும் இப்படித் தட்டிப் பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் கடினம். உத்திரமேரூரை எடுத்துக்கொள்வோம். முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அங்கே கோயில் சுவரில் இருக்கின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் அந்தக் குடவோலை முறையை நாம் தேர்தல் என்று கொண்டாடுகிறோம். கொண்டாடலாம், பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி வரக் கூடாது என்று ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கல்லில் வெட்டிய ஊர் அது. ஆனால், கல்வெட்டை முழுதாகப் படிப்பவர் மற்றதையும் படிப்பார். அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊரின் சபை. குடத்தில் பெயர் விழ, வரி கட்டும் கால் வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும். நிலத்தில் உழைத்தவர் பெயர் அந்தக் குடத்துக்குள் போகவில்லை. குடத்திலிருந்து ஓலையை எடுத்தவனும் ஒரு சிறுவன்தான், யாரும் வாக்களிக்கவில்லை. பெருமையையும் இந்தக் கேள்வியையும் ஒருசேர மனத்தில் தாங்க இருபது வயதில் ஒருவர் பழகிவிட்டால், அவர் பிற்பாடு நீதிமன்றத்திலோ பத்திரிகையிலோ தாலுகா அலுவலகத்திலோ எங்கே உட்கார்ந்தாலும் அந்தப் பழக்கம் கூடவே இருக்கும்.

ஒரு கல்வெட்டோடு நிற்கக் கூடாது என்பதையும் கற்றாக வேண்டும். ஜப்பானிலிருந்து வந்து தமிழ்க் கல்வெட்டுகளோடு வாழ்ந்த நொபொரு கராஷிமா, திருச்சி அருகே அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டே ஊர்களின் கல்வெட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்து, சோழர் காலத்தில் நிலவுடைமை எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இல்லை என்று காட்டினார். அவர் காட்டிய பொறுமை நம் கல்லூரி வகுப்பில் எத்தனை பேருக்கு அறிமுகமாகிறது?

இங்கேதான் நம் மனக்குறை. பல கல்லூரிகளில் வரலாற்று வகுப்பு என்றால் இன்னும் நோட்ஸ் எழுதுவதுதான். தேர்வுக்கு முதல் நாள் கைடு, மறுநாள் மறதி. பட்டம் வாங்கும்வரை ஒரு மூல ஆவணத்தைக் கையில் எடுத்துப் பார்க்காத மாணவர் உண்டு. எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறையாவது மாணவர்களை அங்கே அழைத்துப்போவதைப் பாடத்திட்டத்திலேயே சேர்க்க வேண்டும். தொலைவில் இருக்கும் கல்லூரிகளுக்குப் பயணச் செலவை அரசு தர வேண்டும்.

அதுவும் முடியாவிட்டால் வீட்டிலிருந்தே தொடங்கலாம். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய பத்திரம் ஒன்று மடித்துக் கிடக்கும். கையெழுத்துப் போட்டவர் யார், கைநாட்டு வைத்தவர் யார், சக்குபந்தியில் கிழக்கே யாருடைய நிலம், மேற்கே எந்த வாய்க்கால் என்று அதில் எழுதியிருக்கும். பிள்ளை அதைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்த வாய்க்கால் இப்போது எங்கே என்று கேட்டபடி ஊருக்குள் நடக்கட்டும்.