காற்றுக்கு வழி

உறுப்புகளைத் தாமே வாங்கிக் கணிப்பொறி பூட்டிக்கொள்ளும் மாணவர் நம்மிடையே பலர். பொறி கொதிக்கின்றதென்று கண்டவுடன் அவர் செய்யும் முதற்காரியம், கடைக்கேகி இன்னுமொரு விசிறி வாங்குதலே. மூன்று ஐந்தாகும், ஐந்து ஆறாகும். இரைச்சல் மிகும், சூடோ குறைந்தபாடில்லை. வெப்பம் எல்லை கடப்பின் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளுமாதலின், பொருள் கொடுத்துப் பெற்ற வேகமும் வீணாகின்றது. விசிறிகளின் தொகையைப் பெருக்குமுன், அவை நிற்கும் இடத்தையும் நோக்குந் திசையையும் ஆராய்தல் வேண்டுமென்பது எம் துணிபு.

விசிறிக்குத் தண்மையை உண்டாக்கும் ஆற்றல் இல்லை. அறைக்காற்றைப் பெட்டியினுட் கொணர்ந்து, ஆங்குள்ள சூட்டை அதன்மேலேற்றிப் புறம்போக்குதலே அதன் தொழில். எத்துணை விசிறி சுழலினும் அறையின் வெப்பத்தினுங் கீழே செயலி இறங்காது. ஆதலின் புகுவாயிலினின்று போகுவாயில்வரை, செயலியையும் கிராபிக்ஸ் கார்டையும் தழுவிச் செல்லும் ஓர் ஒழுக்கு அமைதல் வேண்டும். முன்புறத்தே உள்ளிழுப்பவை, பின்புறத்தும் மேற்புறத்தின் பின்பாதியிலும் வெளித்தள்ளுபவை: பெரும்பாலான பெட்டிகட்குப் பொருந்தும் முறை இதுவே. மேற்புறத்தின் முன்பாதியில் வெளித்தள்ளும் விசிறியை வைப்பவரோ, புதுக்காற்றுச் செயலியை அடையுமுன்னரே அதனைக் கவர்ந்து எறிகின்றனர். விருந்தினரைத் திண்ணையிலேயே வழியனுப்பும் இல்லத்தாரை இவர் ஒப்பர்.

வெப்பக்காற்றுத் தானே மேலெழுமென்பார் கூற்று முழுதும் பொய்யன்று. 2000-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தார் வெளியிட்ட ஜி4 க்யூப் விசிறியே இன்றி, கீழிருந்து மேலெழுங் காற்றாற் குளிர்ந்தது. ஆயினும் விசிறி தள்ளுங் காற்றின் முன்னே அவ்வெழுச்சி மிக மெலியது.

திசையில் வல்லுநரும் இடறியதுண்டு. 1995-இல் இன்டெல் நிறுவனத்தார் வகுத்த ஏ.டி.எக்ஸ். அமைப்பில், மின்வழங்கியின் விசிறி வெளிக்காற்றை உள்ளிழுத்துச் செயலியின்மேல் வீசுமாறு முதலிற் கருதப்பட்டது. ஒரே விசிறியால் இரு பயன் என்னுஞ் சிக்கனம் அது. ஆயின், மின்வழங்கியின் சூட்டைச் சுமந்த காற்றன்றோ செயலியை அடைந்தது! பின்னர் அத்திசை மாற்றப்பட்டு, அவ்விசிறி வெளித்தள்ளுவதாயிற்று. வகுத்தவரே மாற்றிக்கொண்டனர், நான்கு திருகாணிகளைக் கழற்றி விசிறியைத் திருப்பிவைக்க நாம் சோம்புவதேன்? மோட்டாரைத் தாங்குங் குறுக்குக்கைகள் உள்ள முகம் காற்றை உமிழும். மற்றை முகம் உண்ணும். ஐயமுறின் மெல்லிய தாளொன்றை அருகே பிடித்துப் பார்க்க.

உள்ளிழுப்பு வெளிப்போக்கினுஞ் சற்றே மிகுதல் நன்று. குறையின், வடிகட்டியில்லா ஒவ்வோர் இடுக்கும் தூசிக்கு வாயிலாகும். வடிகட்டியைத் துடைப்பாரும் அரியர். அது அடைபட்டபின் முன்விசிறி சுழன்றும் பயனில்லை.

பக்கப்பலகையைக் கழற்றிவைத்தாற் குளிருமே என்பாரும் உளர். கழற்றியவுடன் சூடு பெரிதும் இறங்குமாயின், காற்றுவழி எங்கோ அடைபட்டுள்ளதென்பதற்கு அதுவே சான்று. அங்ஙனமாயின் பலகையை மீண்டும் பூட்டுக. முன்வாயிலை மறைக்குங் கம்பிக்கற்றைகளை ஒதுக்கி, சுவரோடொட்டிய பெட்டியைச் சிறிது முன்னே இழுத்துவைத்தபின், வெப்பத்தை மறுமுறை அளந்து பார்க்க.