பாட்டியின் பங்கு

புன்செய் நிலமும் புளியமரங்களும் மிகுந்த தருமபுரி, 1965-ஆம் ஆண்டில் சேலத்தினின்று பிரிந்து தனி மாவட்டமாயிற்று. உழைப்புக்கு அஞ்சாத அம்மக்களிடையே கொடுமையொன்றும் வேரூன்றியிருந்தது. பிறந்த பெண்மகவைக் கொல்லும் வழக்கமே அது. வேண்டாத மகவைக் கொல்லாது அரசின் தொட்டிலில் இடுக என்று 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001-இல் இங்கும் வந்தது. இன்றைய தருமபுரி மாவட்ட எல்லைக்குள் ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் 1,000 பேருக்குப் பெண் குழந்தைகள் அவ்வாண்டில் 826 பேரே. 2011-இல் 913 பேர்.

எண்ணிக்கை உயர்ந்தது நன்றே. ஆயினும், பெண்ணைப் பெற்றாள் என்று மருமகளைத் தூற்றும் நா எளிதில் அடங்குவதன்று. அந்நா பல வீடுகளில் மாமியாருடையதாயிருப்பதுதான் விந்தை.

தாய் தன் மகவுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்றையே அளிக்கிறாள். தந்தையும் எக்ஸ் அளிப்பின் பெண் பிறக்கும். ஒய் அளிப்பின் ஆண் பிறக்கும். இது பலரும் அறிந்ததே. இனி வருவது பலர் அறியாதது. சினைமுட்டையும் விந்தணுவும் உருவாகுங்கால், இணைக் குரோமோசோம்கள் தம்முள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. இதனைக் குறுக்கேற்றம் என்பர். விந்தணு ஒன்றில் ஏறத்தாழ 26 இடங்களில் காணப்படும் இம்மாற்றம், சினைமுட்டையில் 40-க்கு மேற்பட்ட இடங்களில் காணப்படுகிறது. அதுவும், பெண் தன் தாயின் வயிற்றிற் கருவாயிருக்கும்போதே நிகழ்ந்துவிடுகிறது!

எக்ஸில் இவ்வேறுபாடு இன்னும் பெரிது. பெண்ணின் எக்ஸ்கள் இரண்டும் நெடுகத் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். ஆணின் எக்ஸுக்கோ ஒத்த துணையில்லை. நுனிகளில் மட்டும் ஒய்யோடு சிறிது மாற்றிக்கொண்டு, ஏனைய பகுதி தன் தாய் தந்தவாறே அவன் மகளுக்குச் செல்கிறது.

அஃதாவது, மாமியார் தன் தாய் தந்தையர் இருவரின் எக்ஸ்களையும் கலந்து மகனுக்கு அளித்தது, பேத்தியிடம் ஏறத்தாழ முழுமையாக வந்து சேர்கிறது. மகன்வழிப் பேரனுக்கு அது கிட்டுவதில்லை. அவன் பெறுவது பாட்டனின் ஒய். பேரனுக்காகப் பேத்தியை வெறுக்கும் பாட்டி, தான் அளித்த பங்கையே வெறுக்கிறாள். பேத்தியின் உயிரைக் காக்க இக்கணக்கு வேண்டுவதன்று என்பது மெய்யே. பங்கு இல்லையெனின் கொல்லலாம் என்று எவர் சொல்வர்? ஆயினும், பழியை மருமகள்மேல் ஏற்றும் பொய்யை உடைக்க இது பயன்படும்.

இச்செய்தி கல்லூரி வகுப்பறையோடு நின்றுவிடுதல் தகாது. பென்னாகரத்திலும் அரூரிலும் கருவுற்ற மகளிரை மருத்துவமனைக்கு அழைத்து வரும் மாமியாரிடம், அங்குள்ள செவிலியர் இதனை எளிய சொற்களில் எடுத்துரைத்தல் வேண்டும்.