குரங்கைத் தெரியாத கமரா

எங்கட மெசின் முதன்முதலில் தண்ணி பீச்சி விரட்டியது அம்மம்மாவைத்தான்.

வவுனியாவில் இருக்கிற அவவின்ர வளவில் இப்போது மரத்தில் இருப்பதைவிட நிலத்தில் கிடக்கிற குரும்பைதான் கூட. தேங்காய் வித்து எங்கட அம்மாவைப் படிப்பித்த மனுசி, இன்று சம்பலுக்குக் கடையில் தேங்காய் வாங்குகிறா. "குரங்குக்கு மிஞ்சினாத்தான் பிள்ளை எங்களுக்கு" என்று சிரித்துக்கொண்டுதான் சொல்லுவா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விடுமுறைக்குப் போன நானும் மச்சானும், குரங்குகள் ஏறி வருகிற மதிலுக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாயைப் பூட்டினோம். அசைவைக் கண்டால் ரிலே வேலை செய்து வால்வு திறக்கும். அம்மம்மா நனைந்தா, நாய் நனைந்தது, காற்றுக்கு ஆடிய வாழையும் நனைந்தது.

சரி, ஆளைப் பார்த்து அடிக்கட்டும் என்று ஒரு ராஸ்பெரி பையும் கமராவும் வைத்து, இலவசமாகக் கிடைக்கும் யோலோ மொடலைப் போட்டோம். அங்கேதான் விசயம் விளங்கியது. அந்த மொடல் பழகிய கோகோ படத்தொகுதியில் 80 வகைப் பொருட்கள் இருக்கின்றன. வரிக்குதிரை இருக்கிறது, ஒட்டகச்சிவிங்கி இருக்கிறது, குரங்கு இல்லை! காட்டுப்பன்றியும் இல்லை. மயில் வந்தால் வெறும் 'பறவை'. எங்கட குரங்கை அது ஒருதரம் நாய் என்றது, இன்னொருதரம் கரடி என்றது.

பிறகென்ன, போனில் நாங்களே நூற்றுக்கணக்கில் படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் குரங்கைச் சுற்றிக் கட்டம் போட்டு, மொடலைப் புதிதாகப் பழக்கினோம். மெசின் வேலை செய்தது. இரண்டு கிழமை வளவு அமைதியாகக் கிடந்தது.

மூன்றாம் கிழமை பக்கத்து வீட்டு அன்ரி வந்தா. "உங்கட மெசின் வந்தாப்பிறகு எல்லாம் எங்கட பப்பாசியிலதான் தம்பி."

என்ன பதில் சொல்ல? நாங்கள் குரங்குப் பிரச்சினையைத் தீர்க்கவில்லை, மதிலுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டோம். காசும் கணினியும் உள்ள வீடு தப்பும், இல்லாத வீடு இரண்டு மடங்கு இழக்கும். அதனால்தான் சொல்கிறேன்: இந்தக் கருவிகளைக் கட்டாயம் செய்யவேணும், ஆனால் தனி வளவுக்கென்று செய்யக்கூடாது. ஒழுங்கை முழுக்கச் சேர்ந்து செய்யவேணும். குரங்கைக் கூப்பிடுகிற குப்பைமேட்டையும் அதே கையோடு ஒழிக்கவேணும்.

செய்யாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்ததுதான். தீனிக்குள் மறைத்து வைக்கிற ஹக்கபட்டாஸ், பன்றிக்கென்று வைத்தாலும் யானைக்குட்டியின் வாயைத்தான் கிழிக்கிறது. களவாக இழுத்த கரண்ட் கம்பியில் மனிசரும் சாகினம். எங்கட தோட்டத்தை அழிக்கிற செங்குரங்கோ இந்தத் தீவில் மட்டுமே உள்ள, அழியும் ஆபத்திலிருக்கும் இனம். அதைக் கொல்லவும் ஏலாது, அம்மம்மாவைப் பட்டினி போடவும் ஏலாது.

2023இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பப்போவதாகக் கதை வந்து, எதிர்ப்போடு அடங்கிப்போனது. 2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு, ஐந்து நிமிடம் நாடே வளவில் நின்று குரங்கையும் மயிலையும் எண்ணியது. அப்படி இன்னொரு காலை, ஆளுக்குப் பத்துப் படம் எடுத்து எல்லாரும் எடுத்துப் பாவிக்கக்கூடிய ஓரிடத்தில் சேர்த்தால் என்ன? அதற்கு அரசாங்கம் தேவையில்லை, ஒரு பள்ளிக்கூட விஞ்ஞான மன்றம் போதும்.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறாக்கள் எடுங்கோ. இலைக்குள் பாதி மறைந்த குரங்கு வேணும், மழையில் நனைந்த குரங்கு வேணும். நாய், பூனை, குனிந்து குரும்பை பொறுக்குகிற அம்மம்மாமாரும் வேணும். யாருக்குத் தண்ணி அடிக்கக்கூடாது என்பதையும் மெசினுக்குப் படிப்பிக்கவேணுமே.