கறிக்குழம்பும் கடைசிக் கரண்டியும்

செவிலிமேட்டிலும் காஞ்சியைச் சுற்றியுள்ள பிற ஊர்களிலும் ஞாயிறன்று பல இல்லங்களில் ஆட்டுக்கறிக் குழம்பின் மணம் தெருவரை எட்டுகிறது. கறி அரைக் கிலோ. உண்பவரோ ஆறு பேர். எனவே தாய் உருளைக்கிழங்கும் முருங்கைக்காயும் சேர்த்து, மிளகாயும் தேங்காயும் அரைத்துவிட்டுக் குழம்பைப் பெருக்குகிறாள். காலையில் இட்டிலிக்கும், பகலில் சோற்றுக்கோ கேழ்வரகுக் களிக்கோ அதுவே துணை.

இதற்கு உறவான உணவொன்று ஹங்கேரி நாட்டில் உண்டு. 'குயாஷ்' என்பது அதன் பெயர். மாட்டு மந்தை மேய்ப்பவன் என்பது அச்சொல்லின் பொருள். மேய்ப்பர்கள் திறந்தவெளியில் நெருப்பின்மேல் கொப்பரையைத் தொங்கவிட்டு இறைச்சியையும் வெங்காயத்தையும் வேகவைத்தனர். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மிளகாயும் உருளைக்கிழங்கும் பிற்காலத்தில் அதில் சேர்ந்தன. நம் குழம்பிலும் அவ்வாறே. பிற நாட்டார் அதைக் கெட்டிக் குழம்பாக அறிந்திருப்பினும், ஹங்கேரியர் நீர்த்த சாறாகவே ரொட்டியுடன் பரிமாறுகின்றனர். மேய்ப்பர்களோ ஒரே கொப்பரையைச் சுற்றியமர்ந்து சேர்ந்து உண்டனர்.

நம் இல்லங்களில் நடப்பதென்ன? கறித்துண்டுகள் முதலில் கணவருக்கு, பின்பு பிள்ளைகளுக்கு. காலையெல்லாம் தறிக்குத் தார் சுற்றி, பின்னர் அடுப்படியில் வெந்த தாய்க்குச் சட்டியின் அடியில் எஞ்சிய குழம்பும் ஓர் எலும்பும். "எனக்கு இதுவே போதும்" என்கிறாள், வீட்டாரும் நம்பிவிடுகின்றனர்.

2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை. இறைச்சியின் இரும்புச்சத்து உடலில் எளிதில் சேரும். கீரையிலும் கேழ்வரகிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கவும் இறைச்சி உதவும். வைட்டமின் 'சி'யும் அவ்வாறே உதவும். அச்சத்தை ஹங்கேரிய மிளகாயிலிருந்து மிகுதியாகப் பிரித்தெடுத்த ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி 1937இல் நோபல் பரிசு பெற்றார். கொதிக்கும்போது அது பெரிதும் குறைந்துவிடுமாதலால், பரிமாறும் வேளையில் பச்சை வெங்காயத்தில் எலுமிச்சை பிழிந்து வைத்தல் நன்று. தேநீர் இரும்புச்சத்தைத் தடுக்கும். உண்டவுடன் அதைத் தவிர்க்க வேண்டும்.

நாம் வேண்டுவது இதுவே: குழம்பை இறக்கியதும் கறித்துண்டுகளை ஆறு பங்காக்கி, உங்கள் பங்கை முதலில் தனிக் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். இயன்றவரை அனைவரும் ஒன்றாய் அமருங்கள். குடும்பத் தலைவர்களே! வரும் ஞாயிறன்று கரண்டியை நீங்கள் பிடியுங்கள். முதல் கரண்டி உங்கள் மனைவியின் இலையில் விழட்டும்!